டாமை எதில் மாட்டுவது?

டிரம் செட் வாங்கப் போகிறவர்கள் ஷெல் மேப்பிளா பிர்ச்சா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். டாமைத் தாங்குவது எது என்று கேட்பவர் குறைவு. கச்சேரிக்குக் கச்சேரி கழற்றி மாட்டுபவருக்கோ தினமும் மல்லுக்கட்ட வேண்டியது அதனோடுதான். எனவே கடைக்குப் போகும் முன்பே ஒன்றைத் தீர்மானியுங்கள்: செட் ஒரே இடத்தில் நிற்கப்போகிறதா, ஊர் ஊராக அலையப்போகிறதா?

கிக் மேல் ஹோல்டர்

பழைய வழி, வேகமான வழி. 1963இல் ரிங்கோ ஸ்டார் வாங்கிய லுட்விக் செட்டில் 20 அங்குல கிக்கின் மேல் ஒரே ஒரு டாம்தான் உட்கார்ந்திருந்தது. தனி ஸ்டாண்ட் வேண்டாம். பையில் கனம் குறையும். சிக்கல் என்னவென்றால், கிக் நகர்ந்தால் டாமும் கூடவே நகரும். 22 அங்குல கிக்கின் மேல் ஆழமான டாம் வைத்தால் உயரம் கூடிவிடும். அதைச் சமாளிக்க டாமை உங்கள் பக்கம் செங்குத்தாகச் சாய்ப்பீர்கள். குச்சியின் முனை குத்தி ஹெட்டில் குழி விழும். 20 அங்குல கிக், 7 அல்லது 8 அங்குல ஆழமுள்ள டாம் என்று எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப்

கிக்கில் ஓட்டையே தேவையில்லை. டாமை எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுவரலாம். ஆனால் கனமான இரட்டைக் கம்பிக் கால் ஸ்டாண்டாக இருக்க வேண்டும். மூன்று கால்களில் ஒன்று டாமுக்கு நேர் கீழே வரும்படி திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பாட்டில் ஸ்டாண்டே சாயும்.

ஸ்னேர் ஸ்டாண்ட்

ஒரே டாம் வாசிப்பவருக்குச் சிக்கனமான வழி. 12 அங்குல டாம் கச்சிதமாக உட்காரும். 10 அங்குலத்துக்குச் சின்னக் கூடையுள்ள ஸ்டாண்ட் தேவை. கைப்பிடிகளை இறுக்கித் திருகாதீர்கள், சத்தம் அடைத்துப்போகும். இதன் கால்கள் ஹைஹாட் கால்களோடு மோதலாம். கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ராக்

டாம்களையும் சிம்பல்களையும் ஒரே குழாய்ச் சட்டத்தில் மாட்டும் முறை இது. 1980களில் டோட்டோ குழுவின் டிரம்மர் ஜெஃப் போர்க்காரோ மூலம் புகழ்பெற்றது. கிளாம்ப்களின் இடத்தை ஒருமுறை குறித்துவிட்டால் டாமும் சிம்பலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரும். ஸ்டுடியோவுக்கும் தேவாலயத்துக்கும் ஏற்றது. தூக்க ஆளில்லாமல் தனியாகப் போகிறவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒலிக்கு ஒரு சோதனை

டாமின் விளிம்பை இரு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு அடி அடியுங்கள். பிறகு மவுண்டில் மாட்டி அதே அடி. நாதம் சட்டென்று செத்தால் மவுண்ட் ஷெல்லைப் பிடித்து அமுக்குகிறது என்று அர்த்தம். ரிம்ஸ் வகை மவுண்ட் டென்ஷன் ராடுகளிலிருந்து ரப்பர் வளையம் வழியாக டாமைத் தொங்கவிடுகிறது, ஷெல்லைத் துளைப்பதில்லை. யமஹாவின் யெஸ் மவுண்ட் சிறு தகட்டால் மட்டும் ஷெல்லைத் தொடும். ஆனால் மைக் வைத்த மேடையில் நாதம் ரொம்ப நீண்டாலும் ஆபத்துதான். கிக் அடிக்கும்போதெல்லாம் டாம் கூடவே முனகினால், சவுண்ட் பார்ப்பவர் முதலில் டேப் ஒட்டத்தான் சொல்வார்.

மேடைக்குப் போகும் முன்

மெமரி லாக் இருந்தால் இறுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் குழாயில் மார்க்கரால் கோடு போடுங்கள். கார்ப்பெட்டில் ஸ்டாண்ட் கால்களின் இடத்தை டேப்பால் குறியுங்கள். பையில் இரண்டு டிரம் கீயும் நாலைந்து விங்நட்டும் எப்போதும் இருக்கட்டும். வாடகை செட்டில் பெரும்பாலும் மேலே இரண்டு டாம் இருக்கும். ஒரு டாமுக்குப் பழகியவர் இரண்டாவதைக் கழற்றிவிட்டு, ரைடை அங்கே தாழ்வாக இறக்கிக்கொள்ளலாம்.

அலைந்து வாசிப்பவருக்கு என் பரிந்துரை: கிக் ஹோல்டர், ஆழம் குறைந்த டாம். மிச்சமாகும் காசில் நல்ல ஹெட் வாங்குங்கள். செட் ஒரே இடத்தில் நிற்குமானால் கிளாம்போ ராக்கோ தேர்ந்தெடுத்து, உங்கள் கைக்கு ஏற்றபடி நிதானமாக அமைத்துக்கொள்ளுங்கள்.