வீட்டிற்குள் ஒரு திரையரங்கு: சிறு செலவில் ஒரு கணிப்பொறித் திட்டம்

நம் தமிழகத்துச் சிற்றூர் வீடுகள் பலவற்றில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒரு கூரையின்கீழ் இருந்து வந்துள்ளன. ஒன்று, 2006ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. மற்றொன்று, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்ற மாணவ மாணவியர்க்குக் கிடைத்த மடிக்கணினி. முன்னது பரண்மேல் ஏறிவிட்டது. பின்னது, அக்காள் படிப்பை முடித்தபின் தகரப்பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே உறங்குகிறது.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே உள்ள இளையரசனேந்தலிலிருந்து நம்மோடு படிக்கும் தோழி ஒருத்தியின் வீட்டிலும் இதே நிலைதான். அவள் தந்தையார் பெரிய தொலைக்காட்சி ஒன்றைத் தவணையில் வாங்க எண்ணியிருந்தார். தவணை என்றால் மாதாமாதம் வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி அன்றோ? கணினி அறிவியல் படிக்கும் நாங்கள், "எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வழி உண்டா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம், மாமா" என்றோம். "பாருங்கம்மா. ஆனால் கணினியைத் தூக்கி டிவியோடு கட்டிப் போட்டுவிட்டால் இவள் எதில் படிப்பாள்?" என்று கேட்டார் அவர். கேள்வி மிகச் சரியானது. அந்த மடிக்கணினி பெண்பிள்ளையின் படிப்புக்கென்று வந்த பொருள். அதை வீட்டார் அனைவரும் படம் பார்க்கும் பெட்டியாக மாற்றிவிட்டு அவளைக் கைப்பேசியின் சிறு திரையில் பாடம் படிக்கச் சொல்வது நியாயமாகாது. ஆகவே, நினைத்த நேரத்தில் ஒரே நிமிடத்தில் கழற்றி எடுத்துப் படிக்க அமரும்படி அமைய வேண்டும் என்பதையே நம் திட்டத்தின் முதல் விதியாக வைத்துக்கொண்டோம்.

பொதுவாக இத்தகைய முயற்சியில் இறங்குவோர் முதலில் கடைக்குச் சென்று, எந்தக் கணிப்பொறி வேகமானது என்று விசாரிப்பர். நம் எண்ணத்தில் அது தலைகீழான வழி. முதலில் அறையை அளக்க வேண்டும். தோழியின் வீட்டு முன்னறையில், சுவரையொட்டிய மேசைக்கும் பாய் விரித்து அமரும் இடத்திற்கும் இடையே எட்டு அடி, அதாவது 244 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும் என்று இயற்பியலில் படிக்கிறோம். எட்டு அடி தூரத்தில் அந்தக் கோணத்தின் அளவு ஏறத்தாழ 0.71 மில்லிமீட்டர். 32 அங்குலத் தொலைக்காட்சியின் திரை அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால், அந்த அகலத்தில் ஏறக்குறைய 1,000 புள்ளிகளை மட்டுமே நம் கண் தனித்தனியே காண இயலும்.

கடைக்காரர் புகழ்ந்து விற்கும் 4கே திரையில் குறுக்காக 3,840 புள்ளிகள் உள்ளன. அதில் நால்வரில் மூவரைக் காணாமலே நாம் பணம் கொடுக்கிறோம் என்று பொருள். 1366 புள்ளி கொண்ட சாதாரணத் திரையே இந்த அறைக்குப் போதும். இந்த ஒரு கணக்கிலேயே தவணை பற்றிய பேச்சு வீட்டில் பாதி அடங்கிவிட்டது.

அவ்வாறாயின் பரண்மேல் இருக்கும் பழைய பெட்டியே போதாதா என்று தோழியின் ஆச்சி கேட்டார். எச்.டி.எம்.ஐ. இணைப்பிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்னும் மூன்று கம்பிகளுக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அதன் வழியே பழைய பெட்டியிலும் படம் தெரியும். ஆயினும் நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பு முறை 625 கோடுகளே கொண்டது. படத்தில் வரும் முகங்கள் தெளிவாகத் தெரிந்தாலும், கணினியின் எழுத்துகள் கலங்கிப்போகும். பாடம் பார்க்க அது உதவாது. அந்தப் பெட்டியின் பின்மூடியை மட்டும் எவரும் திறந்து பார்க்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இனி, கணிப்பொறிக்கு உண்மையில் என்ன வேலை என்று காண்போம். முழு எச்.டி. படத்தின் ஒரு சட்டத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம், விநாடிக்கு 25 சட்டங்கள் என்றால் விநாடிக்கு 15,55,20,000 பைட்டுகள். இரண்டு மணி நேரப் படத்திற்கு ஏறத்தாழ 1,120 ஜிபி இடம் வேண்டும். ஆனால் அதே படம் ஏழு ஜிபி கோப்பாக நம் கைக்கு வருவது எங்ஙனம்? கரிசல் காட்டில் ஒரு மாடு நடந்து போகும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வானம் அப்படியே இருக்கிறது. நிலமும் அப்படியே இருக்கிறது. மாடு மட்டும் சற்றே நகர்கிறது. ஒவ்வொரு சட்டத்தையும் முழுவதுமாக எழுதாமல், முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைத்தால் கோப்பு சுருங்கிவிடும். சுருக்கியதை விரிப்பதே கணிப்பொறியின் வேலை. சுருக்குவதற்கு எச்.264 என்னும் முறை 2003ஆம் ஆண்டிலும், எச்.265 என்னும் முறை 2013ஆம் ஆண்டிலும், ஏவி1 என்னும் முறை 2018ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒன்றைவிட மற்றொன்று இன்னும் இறுகச் சுருக்கும்.

பழைய மடிக்கணினி "மெதுவானது" என்று பலர் ஒதுக்குவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. விரிக்கும் வேலைக்கென்றே சில்லினுள் ஒரு தனிப் பகுதி உண்டு. 2011, 2012ஆம் ஆண்டுப் பொறிகளில் அந்தப் பகுதி இவற்றுள் எச்.264 முறையை மட்டுமே அறியும். அந்த வகைக் கோப்பைக் கொடுத்தால் விசிறிச் சத்தம்கூட இல்லாமல் படம் ஓடும். எச்.265 கோப்பைக் கொடுத்தாலோ, முழுப் பாரமும் பொதுச் செயலியின் தலையில் விழுகிறது, பொறி கொதிக்கிறது, படம் விக்கி விக்கி ஓடுகிறது. இதற்காகப் புதிய கணிப்பொறி வாங்க வேண்டியதில்லை. எச்.264 கோப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும். வீட்டில் எடுத்த திருமணக் காணொளி, தம்பியின் முதல் நன்மை விழாக் காணொளி முதலியவை இக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் எச்.265 முறையிலேயே பதிவாகின்றன. கைப்பேசியின் அமைப்பில் அதை மாற்றி வைக்கலாம். முன்பே எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் போட்டு இரவில் ஓடவிட்டால், விடிவதற்குள் மாற்றித் தந்துவிடும்.

படிப்பும் படமும் ஒரே பொறியில் எப்படி என்னும் கேள்விக்கு நாம் கண்ட விடை ஒரு பென் டிரைவ். லிப்ரெலெக் என்னும் சிறு இயங்குதளத்தை அதில் நிறுவிவிடலாம். அதைச் செருகி, கணினி யு.எஸ்.பி. வழியே தொடங்கும்படி ஒருமுறை அமைத்துவிட்டால், பொத்தானை அழுத்தியவுடன் நேரே கோடி என்னும் படக்காட்சி மென்பொருள் திரையில் வந்து நிற்கும். பெரிய எழுத்துகள், அம்புக்குறி விசைகள், ஆச்சிகூட இயக்கலாம். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கினால் அது மீண்டும் தோழியின் படிப்புக் கணினி. அவளுடைய பாடக் கோப்புகளின் பக்கம் தம்பியின் கை போகாது. (தம்பிமார் உள்ள வீடுகளில் இதன் அருமை தெரியும்.) இம்மென்பொருள்களுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. கோடி என்பது 2002ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர் சிலர் எழுதத் தொடங்கியது. 2014இல்தான் இந்தப் பெயரைப் பெற்றது. படிப்புக் கணினியில் நாம் பயன்படுத்தும் விஎல்சி, 1996இல் பாரிசு நகரக் கல்லூரி ஒன்றின் மாணவர் திட்டமாகத் தொடங்கியதாகும். நம்மைப் போன்ற மாணவரின் வேலை என்பதால் அதன்மேல் நமக்குத் தனிப் பற்று.

2019ஆம் ஆண்டு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை இணையத்தில் காண வேண்டுமானால் படிப்பு அமைப்பில் உலாவியைத் திறப்பதே எளிது. படங்களைப் பொறுத்தவரை, விலை கொடுத்து வாங்கிய குறுந்தகடுகளும் முறையாகக் கிடைப்பவையும் மட்டுமே நம் திட்டத்தில் இடம்பெறும். திருட்டுப் படத்திற்கு நாம் வழி சொல்லப்போவதில்லை.

இப்போது செலவைக் காண்போம். பயன்படுத்திய 32 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சிக்கு ரூ. 4,500. பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைக்க ரூ. 1,500. நினைவகத்தைக் கூட்ட, பயன்படுத்திய 4 ஜிபி ரேம் ரூ. 600. எச்.டி.எம்.ஐ. கம்பி ரூ. 250. பாயிலிருந்தே இயக்க, கம்பியில்லா விசைப்பலகை ரூ. 700. விசிறியைத் துடைத்துச் செயலிக்குப் புதிய பசை தடவ ரூ. 150. ஒலிக்கம்பி ரூ. 100. ஆக ரூ. 7,800. பென் டிரைவ் வீட்டிலேயே இருந்தது. இவற்றுள் எஸ்.எஸ்.டி.யால் படம் ஓடுவதில் பெரிய மாற்றம் வராது. ஆனால் தோழி படிக்க அமரும்போது கணினி அரை நிமிடத்தில் தயாராகிவிடும். முதல் விதிக்காகச் செய்யும் செலவு அது. கைச்சுருக்கம் நேர்ந்தால் ரேமை விட்டுவிடலாம், எஸ்.எஸ்.டி.யை விட வேண்டாம் என்பது நம் கருத்து.

பயன்படுத்திய தொலைக்காட்சி வாங்கப் போகும்போது மடிக்கணினியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. கடையிலேயே இணைத்து, திரை முழுதும் வெள்ளை, பிறகு முழுதும் கறுப்பு, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று காட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிழல்திட்டுகளும், கறுப்பில் மூலையில் கசியும் ஒளியும் உடனே தெரிந்துவிடும். எச்.டி.எம்.ஐ. துளைகள் எல்லாவற்றிலும் செருகிப் பார்க்கவும். தொலையியக்கியைக் கேட்டு வாங்கவும்.

வாங்கி வந்ததை எங்கே வைப்பது? நம் வீடுகளில் தொலைக்காட்சியை ஆளுயரப் பலகையில் ஏற்றி வைப்பது வழக்கம். ஆனால் நாம் அமர்வதோ தரையில். கழுத்தை அண்ணாந்து இரண்டு மணி நேரம் இருந்தால் மறுநாள் தெரியும். பாயில் அமர்ந்தவரின் கண் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தில் இருந்தால் போதும்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர்ப்பக்கம் ஒலியில் குறை வைத்தால் எவரும் பொறுப்பதில்லை. கோயில் கொடை என்றாலும் மாதா திருவிழா என்றாலும் குழாய் கட்டிய பிறகுதான் விழாவே தொடங்கும். மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கி சிறியது. பின்புறம் நோக்கியும் இருக்கும். பேச்சு தெளிவாக இராது. அதற்காக ஐந்து பெட்டிகள் கொண்ட தொகுதி வேண்டுமா? பத்தடி அறையில் அவற்றைச் சரியான இடங்களில் வைக்கவே இயலாது. தோழியின் தாத்தா காலத்து டேப் ரிக்கார்டர் ஒன்று இரண்டு மரப்பெட்டி ஒலிபெருக்கிகளுடன் மூலையில் இருந்தது. நாடா ஓடும் பகுதி கெட்டுவிட்டது. ஒலிபெருக்கும் பகுதி நன்றாகவே இருக்கிறது. பின்புறத்தில் ஆக்ஸ் என்னும் துளையும் உண்டு. மடிக்கணினியின் காதொலித் துளையிலிருந்து அதற்கு ஒரு கம்பி கொடுத்தோம். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைவது சிறப்பு. அறை இடம் கொடுக்காததால் பெட்டிகளுக்கிடையே ஆறு அடி விட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காதுயரத்தில் வைத்தோம். சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கி, பேச்சை விழுங்கிவிடும். ஆச்சி ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது என்றார்.

ஒலிபெருக்கியில் "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால், மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் தரையிணைப்பில் உள்ளது. எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மின்கலம் பத்து நிமிடமேனும் தாங்கினால் அதை அகற்ற வேண்டாம்; மின்தடையின்போது அணைக்க நேரம் கொடுக்கும். அது வீங்கியிருந்தால் உடனே அகற்ற வேண்டும். அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடவே கூடாது. மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தொலைக்காட்சியும் மடிக்கணினியும் சேர்ந்து சுமார் 75 வாட்டு. நாள்தோறும் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்திற்கு 13.5 யூனிட்டு. பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் அதன் 80 வாட்டு மட்டுமே 14 யூனிட்டுக்கு மேல் கேட்டிருக்கும்.

கரிசல் புழுதிக்கு ஒரு சொல். கோடைக் காற்றில் அது எதிலும் நுழையும். மடிக்கணினியை மேசைமேல் அப்படியே வைக்காமல், இரு மரச்சட்டங்களின்மேல் மூடியைத் திறந்தபடி வைத்தால் அடியில் காற்றோடும். ஓய்விலிருக்கும்போது ஒரு பருத்தித் துணி போதும்; ஓடும்போது எதையும் போர்த்தக் கூடாது. ஆண்டுக்கொரு முறை விசிறியைத் துடைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவரிலுள்ள பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கேபிள் கம்பியையும் தொலைக்காட்சியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்னல் பெரும்பாலும் அந்த வழியேதான் வீட்டுக்குள் வந்து எச்.டி.எம்.ஐ. துளை வரை எரித்துவிடுகிறது. மழைக்கு முன்னரே மேகம் கறுக்கும்போது இதைச் செய்துவிட்டால், மடிக்கணினி அன்று மாலை முழுதும் தோழிக்கே.