நட்சத்திர ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க ஒரு ஒர்க்ஷீட்

இன்டர்நெட்டில் ஹோட்டல் அறை தேடுபவர்கள் முதலில் படங்களைப் பார்க்கின்றனர். அடுத்து நட்சத்திரங்களை எண்ணுகின்றனர். பின்னர் பெரிய எழுத்தில் தரப்பட்டிருக்கும் விலையைப் பார்த்து கிளிக் செய்துவிடுகின்றனர். ஓர் இரவு தங்கும் சாதாரண லாட்ஜ் என்றால் இது போதும். சொகுசு ஹோட்டலுக்கு இது போதாது. அங்கே ஒரு தவறான கிளிக்கின் விலை பல ஆயிரம் ரூபாய்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அண்மையில் லேப்டாப் வாங்கினார். அவரும் மனைவியும் மூன்று இரவுகள் சிங்கப்பூரில் தங்கத் திட்டமிட்டிருந்தனர். "வாழ்க்கையில் ஒரே முறை, தம்பி. நல்ல ஹோட்டலிலேயே தங்கலாம் என்று வீட்டிலும் ஆசைப்படுகிறார்கள்" என்றார். அதற்காக அவர் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ நான்கு மாத பென்ஷன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிக தூரம் நடக்க முடியாது. சாரின் கம்ப்யூட்டரிலேயே நாங்கள் இருவரும் செய்து பார்த்ததைத்தான் இங்கு பாடமாகத் தருகிறேன். ஊர் எதுவானாலும் முறை இதுதான்.

முதலில் நட்சத்திரம் பற்றி. உலகம் முழுமைக்கும் நட்சத்திரம் வழங்கும் ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகம் தரம் பிரிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் சில தங்களுக்குள் ஒரு பொது முறை வைத்துள்ளன. புக்கிங் தளங்களில் காட்டப்படுவது பல நேரங்களில் ஹோட்டலே கொடுத்துக் கொண்டதாகவோ, தளம் கணக்கிட்டதாகவோ இருக்கும். எனவே ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் இரண்டை ஒப்பிட நட்சத்திரம் உதவாது.

சார் மனதில் மூன்று பெயர்கள் இருந்தன. 1887ல் தொடங்கப்பட்ட ராஃபிள்ஸ். ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஃபுல்லர்ட்டன். 2010ல் திறக்கப்பட்ட, மூன்று கோபுரங்களின் உச்சியில் கப்பல் போன்ற தளத்தைத் தாங்கி நிற்கும் மரினா பே சேண்ட்ஸ். மூன்றும் பெயர் பெற்றவை. மூன்றின் தளங்களிலும் படங்கள் அற்புதமாக இருந்தன. படங்களை மூடிவிட்டு எக்ஸெல் புரோகிராமைத் திறந்தோம்.

ஒர்க்ஷீட் தயாரித்தல்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுண்லோட் செய்து பயன்படுத்தலாம். ஏ என்ற நெட்டு வரிசையில் ஹோட்டலின் பெயர், பி வரிசையில் தளம் காட்டும் ஓர் இரவு வாடகை, சி வரிசையில் மூன்று இரவுகளுக்கான முழுத்தொகை, டி வரிசையில் காலை உணவு உண்டா என்பது, இ வரிசையில் ரத்து செய்யக் கடைசி நாள், எஃப் வரிசையில் அறையின் பரப்பளவும் ஜன்னல் எதைப் பார்க்கிறது என்பதும் இருக்கட்டும். பி வரிசையில் எண்ணை மட்டும் டைப் செய்திடவும். 500 என்பதற்குப் பதில் "500 டாலர்" என அமைத்தால், எக்ஸெல் அதனை எண்ணாக எடுத்துக் கொள்ளாமல் பார்முலாவில் பிழைச் செய்தி காட்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரே தேதிகளையும் இரண்டு பேர் என்பதையும் கொடுத்துத் தேடவும். தேதி மாறினால் வாடகை மாறிவிடும். சிங்கப்பூரில் 2008 முதல் செப்டம்பர், அக்டோபர் மாதங்களையொட்டி ஃபார்முலா 1 கார் பந்தயம் நடைபெறுகிறது. பந்தயப் பாதை மரினா பே பகுதியிலேயே செல்வதால் அந்த வாரத்தில் அங்குள்ள ஹோட்டல்களின் வாடகை எங்கோ போய்விடும். தேதி உங்கள் கையில் இருந்தால் முன்னும் பின்னும் சில நாட்கள் மாற்றிப் பாருங்கள்.

இரண்டு பிளஸ் குறிகள்

சிங்கப்பூர் ஹோட்டல் தளங்களில் வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறிகள் இருப்பதைப் பார்க்கலாம். முதல் குறி 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது குறி ஜி.எஸ்.டி. வரி, 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். இரண்டையும் கூட்டி 19 சதவீதம் எனக் கணக்கிடக்கூடாது. சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மீதுதான் வரி கணக்கிடப்படும். எனவே வாடகையை 1.10 ஆல் பெருக்கி, வந்ததை 1.09 ஆல் பெருக்க வேண்டும். அதாவது மொத்தம் 1.199 மடங்கு. 500 டாலர் என்று தளத்தில் பார்த்த அறைக்கு நீங்கள் கட்டப்போவது 599.50 டாலர். கிட்டத்தட்ட 100 டாலர் அந்த இரண்டு குறிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. (நம் ஊரிலும் நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதை நினைவில் கொள்ளவும்.)

சி2 செல்லில் =பி2*1.199*3 என அமைத்து என்டர் தட்டவும். செல்லின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்திட வேண்டும். பின்னர் அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற ஹோட்டல்களுக்கும் கணக்கு வந்துவிடும். வரி எல்லாம் சேர்த்தே விலை காட்டும் தளம் என்றால் அந்த வரியில் மட்டும் 1.199 ஐ நீக்கிவிடவும்.

இதனால் என்ன மாறும்? ஓர் உதாரணம். முதல் ஹோட்டல் 500 டாலர், இரண்டு பிளஸ் குறிகளுடன், காலை உணவு சேர்த்து. இரண்டாவது ஹோட்டல் 560 டாலர், வரிகள் உட்பட, உணவு இல்லை. பார்த்தவுடன் முதல் ஹோட்டல்தான் மலிவு எனத் தோன்றும். மூன்று இரவுக்குக் கணக்கிட்டால் முதலாவது 1,798.50 டாலர், இரண்டாவது 1,680 டாலர். ஆக இரண்டாவதுதான் மலிவு. ஆனால் அங்கு இருவருக்கான காலை உணவு வரியுடன் நாளொன்றுக்கு 60 டாலர் என்றால், மொத்தம் 1,860 டாலராகிவிடும். மீண்டும் முதல் ஹோட்டலே முன்னுக்கு வருகிறது. இந்தக் கணக்கை மனதில் போட முடியாது. கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது?

காலை உணவில் இன்னொன்றும் உண்டு. சாரும் அம்மாவும் சைவம். காலையில் இரண்டு இட்லி, காபி போதும். ஐம்பது வகை உணவு அடுக்கிய மேஜைக்கு அவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? உணவில்லாத கட்டணத்தையே எடுத்துக் கொண்டோம்.

அறையின் பெயரைப் படியுங்கள்

ஹோட்டலின் பெயரை ஒப்பிடுவதைவிட அறையின் பெயரை ஒப்பிடுவது முக்கியம். ராஃபிள்ஸில் பிரச்சினை இல்லை. 2019ல் புதுப்பித்துத் திறந்தபின் அங்குள்ள 115ம் சூட் வகைதான். வாடகையும் அதற்கேற்ப மூன்றிலும் கூடுதல். சாரின் தொகைக்கு அது எட்டவில்லை. மரினா பே சேண்ட்ஸில் நகரம் தெரியும் பக்கம் ஒன்று, தோட்டமும் கடலும் தெரியும் பக்கம் மற்றொன்று. 57வது தளத்தில் இருக்கும் புகழ்பெற்ற நீச்சல் குளத்தில் அங்கு தங்குபவர்கள் மட்டுமே இறங்கலாம். அதன் வாடகையில் பெரும் பகுதி அந்தக் குளத்திற்காகத்தான் என்பது என் கருத்து. நீச்சல் தெரிந்த பிள்ளைகளுடன் செல்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். தண்ணீரில் இறங்காதவர்கள், டிக்கெட் வாங்கிக் கொண்டு மேல் தளத்தின் பார்வையாளர் பகுதிக்குச் சென்று ஊரைப் பார்த்துவிட்டு வரலாமே.

ஃபுல்லர்ட்டனில் வாடகை குறைந்த அறையின் பெயர் கோர்ட்யார்டு. அதன் ஜன்னல் கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்க்கிறது, ஊரை அல்ல. படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு தெரியும் என நினைத்து புக் செய்பவர் ஏமாந்து போவார்.

அந்தக் கட்டடத்தின் வரலாறு உள்ள பக்கத்தை சார் உரக்கப் படித்தார். 1928ல் கட்டப்பட்டது, 1996 வரை சிங்கப்பூரின் தலைமைத் தபால் அலுவலகம் அங்கேதான் இருந்தது, 2001ல் ஹோட்டலானது. சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தார். அவருடைய தந்தை சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். "அப்பா அந்தப் பெரிய தபாலாபீசுக்குப் போய்த்தான் மணியார்டர் போடுவாராம். அந்தப் பணத்தில்தான் நாங்கள் படித்தோம்" என்றார். என் ஒர்க்ஷீட்டில் இதற்கு வரிசை இல்லை. இருந்தாலும், பரப்பளவையும் விலையையும் ஒப்பிட்டு முடித்தபின் உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மேப்பில் அளந்து பார்த்தல்

"எல்லா இடத்திற்கும் அருகில்" என்று எல்லா ஹோட்டலும் எழுதுகிறது. கூகுள் மேப்ஸ் தளத்தில் ஹோட்டலின் மீது ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் தூரத்தை அளக்கும் பிரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, போக வேண்டிய இடத்தில் கிளிக் செய்திடவும். ஃபுல்லர்ட்டனிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் அளவில்தான். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ராஃபிள்ஸே பக்கம். மரினா பே சேண்ட்ஸை ஒட்டிய பேஃப்ரண்ட் நிலையத்தில் ரயில் ஏறினால், மாறாமல் நான்காவது நிறுத்தத்தில் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். அடுத்து, மேப்பின் ஓரத்தில் உள்ள மஞ்சள் மனித உருவை இழுத்து ஹோட்டலின் முன் சாலையில் விடவும். வாசல் எப்படி, படிகள் உண்டா என நேரில் நிற்பது போல் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது எந்த விமர்சனத்தையும்விடப் பயன்படும்.

ரத்து செய்யும் விதிகள்

ஒரே அறைக்கு இரண்டு விலைகள் இருக்கும். குறைந்ததற்குக் கீழே, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று சிறிய எழுத்தில் இருக்கும். பயணம் பல வாரங்கள் தள்ளி இருந்தால், அதுவும் வயதானவர்கள் செல்வதாக இருந்தால், கூடுதல் விலை கொடுத்து ரத்து வசதி உள்ளதையே எடுக்கவும். கடைசி நேரம் என்பது அந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கு மாலை 6 மணி என்றால் இங்கு பிற்பகல் 3.30. மொபைல் போனில் முந்தைய நாளுக்கே அலாரம் வைத்துவிடுங்கள்.

இறுதியில் சார் இரண்டு இரவுகளை ஃபுல்லர்ட்டனில் ஆறு தெரியும் அறைக்கும், மூன்றாவது இரவை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சாதாரண ஹோட்டலுக்கும் பிரித்துக் கொண்டார். சாதாரண ஹோட்டலை முதல் இரவாக வைத்தோம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் காலையில் அங்கு இறங்கிவிடும். அறை தருவதோ பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. சொகுசு அறையின் வாடகையைக் காத்திருப்பதில் கழிக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் முகவரிக் கட்டத்தில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கவும். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் ஒரு தளம் உண்மையானது ஆகிவிடாது. போலித் தளங்களும் அதனைப் பெறலாம். கட்டி முடித்ததும் கண்ட்ரோல் கீயுடன் பி அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுத்து உறுதிச் சீட்டை சேமிக்கவும்.

கார்டு பற்றி இரண்டு விஷயங்கள். 2020 முதல் வங்கிகள் புதிய கார்டுகளை வெளிநாட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்ட நிலையிலேயே தருகின்றன. வங்கியின் தளத்தில் சென்று அதனை இயக்கிக் கொள்ளவும். ஹோட்டல் கவுண்டரில் கார்டு மெஷின் ரூபாயா, டாலரா எனக் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுக்கவும். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த மெஷின் தரும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்து முடிவு செய்யும்.