கோரை முதலில் முளைக்கட்டும்

கேள்வி: வீட்டை ஒட்டி 20 சென்ட் செம்மண் நிலம், நாலு வருஷமாகத் தரிசு. போன ஐப்பசியில் ரோட்டவேட்டர் ஓட்டி, கொழுக்கட்டைப்புல் விதை தூவினேன். புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. கோரையும் பார்த்தீனியமும் காடாகிவிட்டன. இரண்டு கறவை மாடுகளுக்குத் தட்டை விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இந்த வருஷம் நிலத்தை எப்படிப் பக்குவப்படுத்துவது?
– வாசகி, பண்ணைப்புரம்

பதில்: விதையைக் குறை சொல்வதற்கு முன் அந்த ரோட்டவேட்டரைப் பார்க்க வேண்டும், அம்மா. மண்ணுக்கடியில் கோரைக்கிழங்குகள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். கோவை அறாதவரை பல கிழங்குகள் உறங்கியே இருக்கும். ரோட்டவேட்டர் கத்தி அதைத் துண்டு துண்டாக நறுக்கியதும் ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகக் கிளம்பிவிடுகிறது. நீங்கள் காசு கொடுத்துக் கோரையை நட்ட மாதிரி ஆகிவிட்டது.

இம்முறை வேலையைச் சித்திரையில் தொடங்குங்கள். கோடைமழை பெய்த ஈரத்தில் கொத்துக் கலப்பையால் ஆழ உழுது, கட்டி உடைக்காமல் போடுங்கள். மேலே வந்த கிழங்குகளைப் பொறுக்கி எரியுங்கள். மிச்சத்தை வெயில் காயவைக்கும். பதினைந்து நாள் கழித்துக் குறுக்கே இன்னொரு உழவு. தொழுவுரத்தை நன்றாக மக்கிய பிறகே போடுங்கள். மாடு தின்ற களையின் விதை பச்சைச் சாணத்தில் உயிரோடு இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம், பலரும் பொறுமையில்லாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். புரட்டாசி தொடக்கத்தில் நிலத்தைச் சமப்படுத்தி, விதைக்காமலே தண்ணீர் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் களை பச்சைப்பசேலென்று வரும். வரட்டும். களைக்கொத்தியால் மேலாக, ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் செதுக்கிவிடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி செதுக்கல். அதன்பின் மண்ணைப் புரட்டவே கூடாது. புரட்டினால் அடியில் புதைந்த பார்த்தீனிய விதை மேலே வந்து முளைக்கும். 1950-களில் புணே பக்கம் தலைகாட்டிய செடி நாடு முழுக்கப் பரவியதே விதைப் பெருக்கத்தால்தான். பூக்கும் முன்பே பிடுங்குங்கள். கையில் உறை அவசியம், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

நம் பக்கம் தென்மேற்கு மழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடுகிறது. அதனால் விதைப்புக்கு ஐப்பசி மழையே நம்பகம். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது கணக்கு. உங்கள் 20 சென்ட்டுக்கு அரைக்கிலோவிலிருந்து 650 கிராம் போதும். விதை எப்போது அறுத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். கொழுக்கட்டைப்புல்லின் புதுவிதை ஆறேழு மாதம் உறங்கும், ஈரம் பட்டாலும் சரியாக முளைக்காது. போன முறை அதுவும் நடந்திருக்கலாம். சுணையுள்ள இலேசான விதை என்பதால் காற்றில் பறக்கும். மணலோடு பிசறி, ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாகக் கோடு கிழித்துத் தூவுங்கள். அப்போதுதான் இடையில் களை எடுக்க முடியும். மேலே முள்கொப்பை ஒருதரம் இழுத்தால் போதும், ஆழப் புதைக்க வேண்டாம்.

முதல் அறுப்பு 70, 75 நாளில் வரும். அதுவரை மாட்டை உள்ளே விடாதீர்கள். வேர் பிடிக்காத தூரை நாக்கால் சுற்றி இழுத்தால் வேரோடு வந்துவிடும்.