விதையுடன் கலக்கும் பாக்டீரியாவின் ஆயுள்

உளுந்து, பாசிப்பயறு முதலிய விதைகளுடன் கலக்கப்படும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா உயிருள்ள பொருளாகும். வளர்ப்புக் கரைசலில் இட்டவுடன் அது பெருகுவதில்லை. சிறிது காலம் அவ்வுணவுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பின்னர் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும். பத்து முறை இரட்டித்தால் ஒன்று 1,024 ஆகும். உணவு குறைந்து கழிவு மிகுங்கால் பெருக்கம் நின்று, முடிவில் உயிருள்ளவற்றின் தொகை குறையத் தொடங்கும்.

கரித்தூளில் கலந்து அடைத்த பொட்டலத்திலும் இக்குறைவு நாளடைவில் நிகழும்; வெப்பம் அதனைத் துரிதப்படுத்தும். உயிரிழந்த பாக்டீரியா வேரில் முடிச்சு உண்டாக்காது. பயிருக்குத் தழைச்சத்தும் சேராது. ஆதலால் விவசாயிகள் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குக. கிராம அதிகாரிகள் பொட்டலங்களை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்பித்தல் நலம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலவையைக் கரைத்து, விதையில் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தித் தாமதமின்றி விதைத்தல் வேண்டும்.