வள்ளியூர் லைன்

ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுத்து, பழைய பாக்கியை வசூல் செய்து, இரவு கணக்கை ஒப்பிக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்குத் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் மையமாக அமைந்த ஊர் வள்ளியூர். வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் திருநெல்வேலியும், தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் நாகர்கோவிலும் இருக்கின்றன. மேற்கே ஏர்வாடி, திருக்குறுங்குடி, களக்காடு. கிழக்கே இராதாபுரம், திசையன்விளை, உவரி. தெற்கே பணகுடி, காவல்கிணறு. லைன் எனப்படும் இந்தச் சுற்றுப் பயணத்தில் நெடுங்காலம் இருந்தவர்கள் நெல்லையில் அறை எடுத்துத் தினமும் போய்வருவதை விரும்புவதில்லை. வாரத்தில் இரண்டு இரவு வள்ளியூரிலேயே தங்கிவிட்டால் காலை ஒன்பதரைக்கு முதல் கடையில் நிற்கலாம். நெல்லையிலிருந்து வருபவருக்கு அந்த நேரம் பேருந்திலேயே போய்விடும்.

எந்தக் கிழமை எந்த லைன் என்பதை நிறுவனம் அச்சிட்டுத் தரும் டூர் புரோகிராம் முடிவு செய்யக் கூடாது; ஊரின் நடப்பு முடிவு செய்ய வேண்டும். ஏர்வாடியில் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகைக்காகக் கடைகள் அடைத்திருக்கும். அன்று போவதானால் காலையிலேயே வேலையை முடிக்க வேண்டும். களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் வாழை விவசாயம்தான் பணப்புழக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஓணத்தை ஒட்டி ஏத்தன் தார் கேரளத்துக்கு லோடு லோடாகப் போகும் வாரங்களில் கடைக்காரர் கேட்காமலேயே பாக்கியை எடுத்து வைப்பார். தார் விலை விழுந்த மாதத்தில் அதே கடையில் வற்புறுத்தினால் உறவு முறியும், பணமும் வராது. கூடங்குளம் பக்கத்து நிலவரம் வேறு. அங்கே தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. மேலும் நான்கு உலைகளுக்கான கட்டுமானம் நடக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருப்பதால் அங்குள்ள மளிகைக் கடைகளில் கோதுமை மாவும் கடுகு எண்ணெயும் நன்றாக நகரும். சம்பளம் போடும் முதல் வாரம்தான் அந்த லைனுக்கு உகந்தது.

இந்த வட்டாரத்தில் ஒரு பிரதிநிதி முதலில் படிக்க வேண்டியது காற்றை. மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து பணகுடி, முப்பந்தல், இராதாபுரம் பகுதிகளில் பாய்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று இங்கே எழுந்ததற்கு அந்தக் காற்றே காரணம். பைக்கில் லைன் பார்ப்பவருக்கு இது நேரடியான விஷயம். காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கிப் போகும்போது எதிர்காற்று. வண்டி இழுக்காது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பாலத்தின் மீதும், லாரியைக் கடந்து வெளியே வரும் நொடியிலும் காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். சாம்பிள் பையைக் கேரியரில் உயரமாகக் கட்டியவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பையைத் தாழ்வாகக் கட்டுவதும், வேகத்தை நாற்பதுக்குள் வைப்பதும், கண்ணாடி மூடிய ஹெல்மெட் அணிவதும் அந்த மாதங்களில் கட்டாயம். உச்சக் காற்றுக் காலத்தில் தெற்கு லைனுக்குப் பேருந்தில் போவதே புத்திசாலித்தனம்.

அதே காற்று வசூலையும் தொடுகிறது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் ஊர்களின் நாட்டுப் படகுகள் கரையிலேயே நிற்கும். படகு போகாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் கடைக்கு வரும் பணமும் இல்லை. கடற்கரை லைனுக்குக் கிளம்பும் முன் வானிலை எச்சரிக்கையைப் பார்ப்பது மீனவருக்கு மட்டுமான வேலை அல்ல.

பேருந்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை போதும். நெல்லை – நாகர்கோவில் இடையே ஓடும் வண்டிகளில் சில ஊருக்குள் வராமல் நாற்கரச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போகின்றன. இரவு பத்து மணிக்குச் சாமான்களோடு புறவழிச்சாலையில் நிற்பது கொடுமை. பெண் பிரதிநிதிகளுக்கு அது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. "வள்ளியூர் ஊருக்குள்ள போவுமா அண்ணாச்சி?" என்று படியில் கால் வைக்கும் முன்பே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். சென்னையில் நடக்கும் மீட்டிங்குக்கு ரயிலே நல்லது. திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981-இல் திறக்கப்பட்டதிலிருந்து வள்ளியூருக்கு ரயில் வசதி உண்டு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இங்கே நின்று செல்கிறது. முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் தொடங்கும். தவறினால் முந்தைய நாள் தட்கல்: ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. கிளினிக் வாசலில் காத்திருந்து டாக்டரைப் பார்த்து முடிக்க இரவு ஒன்பதரை ஆகும் மெடிக்கல் ரெப் அதன் பிறகு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரலாம். ஏழு மணிக்கே இட்லி சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கலாம். கோடையில் பதநீரும் நுங்கும் சாலையோரம் கிடைக்கும். குளிர்பானத்தை விட அவை எவ்வளவோ மேல்.

மதியம் இரண்டு முதல் நான்கு வரை சிற்றூர்க் கடைகள் ஓய்ந்திருக்கும். அந்த நேரம் கணக்குக்கு உரியது. பேருந்தில் மெஷின் தரும் டிக்கெட்டின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும். அன்றன்றே கைபேசியில் படம் எடுத்து வைக்காதவர் மாதக் கடைசியில் பயணப்படியை இழப்பார். வசூலான ரொக்கத்தை அறைக்குக் கொண்டுபோகாமல் அன்றே வங்கியில் கட்டிவிடுவது நல்லது.

மழைக்காலமான ஐப்பசி முதல் மார்கழி வரை பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது இடைவெளி விட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டனர். எச்சரிக்கை வந்த பிறகும் மாத இலக்குக்காக லைனுக்கு அனுப்பும் மேலாளர் செய்வது தவறு. அதை மறுக்கும் உரிமை பிரதிநிதிக்கு இருக்க வேண்டும்.

வீட்டைப் பிரிந்திருப்பதுதான் இந்த வேலையின் கனமான பகுதி. பிள்ளையின் பள்ளி விழாவும் வயதான பெற்றோரின் மருத்துவமனை நாளும் டூர் புரோகிராமில் முதலிலேயே குறிக்கப்பட வேண்டும். மிச்ச நாட்களில்தான் லைன். இப்படி விடுப்பு எடுப்பதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. மருந்துப் பிரதிநிதிகள் உள்ளிட்ட விற்பனை ஊழியர்களுக்காக 1976-இல் மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றியது. நியமனக் கடிதத்தையும், பணிபுரிந்த நாட்களில் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறையாத முழுச் சம்பள விடுப்பையும் அது உறுதிசெய்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த விடுப்புக்கு இடம் உண்டு. புதிதாக லைனுக்கு வரும் இளைஞர்கள் சாம்பிள் பையை வாங்கும் முன் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.