நுரையால் அணையும் நெருப்பு

ஆரணியை அடுத்த சேவூர் பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கு ஒரு தறிவீட்டில் தீப்பற்றினால், நெருப்புக்குத் தப்பிய பட்டும் பாவும் அணைக்கப் பாய்ச்சிய நீரால் கெடுதல் கூடும். சாயம் கலங்கிய சேலையை வாங்குவார் யார்?

மாணவர்களே! நீர் தீயை அணைக்கும் என்பது உண்மையே. ஆயினும் சுவரிலும் கூரையிலும் பட்ட நீரிற் பெரும்பகுதி வழிந்தோடி வீணாகிறது. நீருடன் சிறிதளவு நுரைப்பொருளைச் சேர்த்து, அழுத்திய காற்றையும் அதனுட் செலுத்தினால், நுண்குமிழிகள் நிறைந்த அடர்நுரை பீறிட்டு வரும். அது செங்குத்தான சுவரிலும் ஒட்டிநின்று, வெப்பத்தைக் கவர்ந்து, காற்றையும் தடுக்கும். நீர்ச்செலவு குறைவு, குழாயும் இலேசு. நீர் அரிதான டெக்சாசுப் புல்வெளித் தீயை அணைக்க, அம்மாநில வனத்துறையினர் 1970களில் இம்முறையைக் கையாண்டனர்.

ஒன்று அறிக: நுரையிலும் நீர் உண்டு. ஆதலின் விசைத்தறிக் கூடமாயின், மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே அதனைப் பாய்ச்சுதல் வேண்டும்.