ஒன்பதை அழுத்தினால்தான் வெளியே

ஓர் அலுவலகத்தில் ஐம்பது பேர் வேலை செய்தால் ஐம்பது தொலைபேசி இணைப்புகள் வேண்டும் என்று தோன்றலாம். உண்மையில் அத்தனை தேவையில்லை. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் வெளியாருடன் பேசுவதில்லை. ஆகவே, சில வெளி இணைப்புகளையே எல்லாரும் பகிர்ந்துகொள்கின்றனர். அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவியே அலுவலகத் தொலைபேசி இணைப்பகம். ஒவ்வொரு மேசைக்கும் மூன்று அல்லது நான்கு இலக்கங்கள் கொண்ட உள் எண் ஒன்று இருக்கும். அடுத்த அறையில் இருப்பவரிடம் பேச அதுவே போதும். வெளியே பேச வேண்டுமானால், பல அலுவலகங்களில் முதலில் 9 அல்லது 0 போன்ற ஓர் இலக்கத்தை அழுத்த வேண்டும்.

இணைப்பகம் வேறு சில வசதிகளையும் தருகிறது. ஊழியர் இடத்தில் இல்லாவிட்டால் அழைப்பு மற்றொருவருக்குத் தானாகத் திரும்பும். பக்கத்து மேசையில் ஒலிக்கும் அழைப்பைத் தம் இடத்திலிருந்தே எடுக்கலாம். மூவர், நால்வர் சேர்ந்தும் உரையாடலாம். ஆனால், அதிகமாகப் பயன்படுவதும் அதிகமாகக் குறைகூறப்படுவதும் அழைப்பை மாற்றிவிடும் வசதிதான்.

அழைப்பை இரண்டு வகையாக மாற்றிவிடலாம். உள் எண்ணை அழுத்திவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவது ஒரு வகை. அந்தப் பக்கம் யாரும் இல்லையென்றால், அழைத்தவர் மணியோசையைக் கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு மீண்டும் அழைத்து முதலிலிருந்து விவரம் சொல்வார். மற்றொரு வகையில், அழைத்தவரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "வாடிக்கையாளர் ஒருவர் ரசீது தொடர்பாகப் பேச விரும்புகிறார்" என்று சக ஊழியரிடம் தெரிவித்த பின்னரே இணைப்பர். இதற்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகலாம். யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். வெளியிலிருந்து அழைப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்த இடைவெளி எப்போதும் சிறிய சிரமத்தோடு முடிந்துவிடுவதில்லை. 2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள மார்ஷல் நகரில், ஒரு தங்கும் விடுதியில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறையிலிருந்த தொலைபேசியில் 911 என்னும் அவசர எண்ணை நான்கு முறை அழைத்தாள். ஒருமுறைகூட அழைப்பு செல்லவில்லை. விடுதித் தொலைபேசியும் அலுவலகத் தொலைபேசியைப் போன்றதே. 911க்கு முன்னால் இன்னொரு 9ஐ அழுத்த வேண்டும் என்பது அச்சிறுமிக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார்.

இந்நிலை மாற வேண்டும் என்று கேரியின் தந்தை கோரிக்கை எழுப்பினார். இலட்சக்கணக்கானோர் அதில் கையொப்பமிட்டனர். 2018இல் 'கேரியின் சட்டம்' இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு அமெரிக்காவில் புதிதாகப் பொருத்தப்படும் இத்தகைய தொலைபேசி அமைப்புகளில், 911ஐ மட்டும் அழுத்தினாலே அழைப்பு செல்ல வேண்டும். அவசர அழைப்பு சென்றிருக்கிறது என்ற தகவல் வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்திற்கும் எட்ட வேண்டும். உதவிக்கு வருவோரை உரிய அறைக்கு அழைத்துச்செல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா?

மலேசியாவின் அவசர எண் 999. வெளி இணைப்புக்கு 9ஐ வைத்திருக்கும் அலுவலகத்தில், இணைப்பகம் முதல் 9ஐ வெளி இணைப்புக்கென எடுத்துக்கொண்டால் 99 மட்டுமே மிஞ்சும். தொழில்நுட்பர் இணைப்பகத்தின் அமைப்பை மாற்றி இதைச் சரிசெய்யலாம். அதுவரை, நான்கு ஒன்பதுகளை எழுதிய சிறு சீட்டு ஒன்றைத் தொலைபேசியின்மேல் ஒட்டிவைக்கலாம்.